வராதவர்களின் பட்டியல்

கண் சிகிச்சை முகாமுக்குத் தேதி குறிப்பவருக்கு ஊரின் வெள்ளாமை தெரிந்திருக்க வேண்டும். நெல் அறுப்பு நடக்கும்போது முகாம் வைத்தால் பார்வை மங்கிய கிழவிகூட வரமாட்டாள். களத்துக்குக் காவலிருக்கவும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் அந்த நாட்களில் வீட்டுக்கு அவள்தான் வேண்டும். முகூர்த்த நாளில் மண்டபமும் கிடைக்காது, வேனும் கிடைக்காது. பள்ளிக்கூடத்தில் நடத்துவதென்றால் ஞாயிற்றுக்கிழமைதான். ஊர்ப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டார்களென்றால் யாரும் வெளியூரில் இரவு தங்க மாட்டார்கள். ஆபரேசனுக்குத் தேர்வானவர்கூட பஸ் ஏறமாட்டார். அக்கினி நட்சத்திரத்தில் கூப்பிட்டால் "வெயில்ல கண்ணு ஆறாதுப்பா" என்பார்கள். அது மருத்துவ உண்மை இல்லைதான். ஆனால் அந்த நம்பிக்கையோடு மே மாதத்தில் மல்லுக்கு நிற்பதைவிட ஜூலைக்குத் தள்ளிவைப்பது நல்லது என்பது அனுபவசாலிகளின் முடிவு.

தென்மாவட்டங்களில் இந்த வேலையைச் செய்பவரை முகாம் அமைப்பாளர் என்பார்கள். சம்பளம் மருத்துவமனையில், வேலை ஊருக்குள். கண் மருத்துவமனை ஒன்றில் இந்தப் பொறுப்பில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் அனுபவம் இது. டி.வி.எஸ். 50-இல் நோட்டீஸ் கட்டோடு சுற்றத் தொடங்கியவர் அவர். மருத்துவமனையும் ஊரும் கைகோத்து நடத்தும் எந்தச் சுகாதாரத் திட்டத்தைப் பற்றிப் பேசினாலும் அவர் முதலில் கேட்பது, "யார் வரலைன்னு யாருக்குத் தெரியும்?" என்பதுதான்.

மதுரைச் சீமைக்குக் கண் முகாம் புதிதில்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு மருத்துவராக இருந்த 1960-களிலேயே ஊர் ஊராக முகாம் நடத்தியவர். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் அந்தக் கைகளால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். 1976-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மத்திய அரசின் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் அதே ஆண்டில்தான் பிறந்தது. அந்தக் காலத்து முகாம்களில் ஆபரேசனே பள்ளிக்கூடத்தில் நடக்கும். வகுப்பறையைக் கழுவி, மேசையைப் போட்டு, அதையே தியேட்டராக்குவார்கள். கட்டுப் போட்ட கண்களோடு முதியவர்கள் பாயில் வரிசையாகப் படுத்திருப்பார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து கஞ்சி வரும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

பிறகு கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் முறை வந்தது. நுண்ணோக்கி வேண்டும், கிருமி நீக்கிய அறை வேண்டும். மதுரையில் 1992-இல் தொடங்கிய அரோலேப், அதுவரை இறக்குமதியாகி ஏழைக்கு எட்டாத விலையில் இருந்த லென்ஸை மலிவாகச் செய்துகொடுத்தது. ஊரில் சோதனை மட்டும், ஆபரேசன் மருத்துவமனையில் என்று முறை மாறியது. ஆபரேசனுக்குப் பிறகு போட வேண்டியிருந்த சோடாபுட்டிக் கண்ணாடியின் காலம் முடிந்தது. பார்வைக்கு அதைவிடப் பெரிய நன்மை இல்லை. அமைப்பாளரின் வேலை மட்டும் கடினமாயிற்று. கண்முன்னே நடந்த ஒன்று இப்போது ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தாண்டி, முன்பின் தெரியாத கட்டடத்துக்குள் நடக்கிறது. அங்கே தனியாக வந்து தங்கச் சொல்லி, கண் தெரியாத ஒருவரிடம் கேட்க வேண்டும். நோட்டீசும் ஆட்டோ மைக்கும் அந்தத் துணிச்சலைத் தருவதில்லை. தெரிந்த ஆள் ஒருவர், "நானும் பஸ்ல வாரேன் ஆத்தா" என்று சொன்னால்தான் அது வரும்.

ஊரில் முகாமை ஏற்று நடத்துபவரை ஸ்பான்சர் என்பது வழக்கம். லயன்ஸ் சங்கம், ரோட்டரி, வங்கிக் கிளை, நூற்பாலை, கோயில் கமிட்டி, இளைஞர் மன்றம், பெற்றோர் நினைவாக நடத்தும் வியாபாரி என்று பலரும் வருவார்கள். வேலைப் பிரிவினை பொதுவாக ஒன்றேதான்: இடம், விளம்பரம், தொண்டர்கள், முகாம் நாள் சாப்பாடு ஆகியவை ஸ்பான்சருடையவை. மருத்துவக் குழு, மருந்து, பஸ், ஆபரேசன், லென்ஸ், திரும்பக் கொண்டுவிடுவது எல்லாம் மருத்துவமனையுடையவை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்திடம் முன்கூட்டியே தகவல் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். இவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். அமைப்பாளர் அப்படித்தான் செய்வார். ஆனால் முதல் சந்திப்பில் அந்தத் தாளை எடுக்கமாட்டார்.

முதல் சந்திப்பில் அவர் கேட்பதெல்லாம் ஊரைப் பற்றியே இருக்கும். சுற்றுவட்டாரத்தில் எத்தனை கிராமம், எங்கே பஸ் போகாது, எந்தத் தெருக்காரர் எந்தக் கோயில் வாசலுக்கு வரமாட்டார்கள். கடைசிக் கேள்வி முக்கியமானது. சில ஊர்களில் ஒரு தெருவின் மண்டபத்தில் முகாம் வைத்தால் இன்னொரு தெரு வராது; அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். அரசுப் பள்ளிக்கூடத்தை அவர் விரும்பியதற்குக் காரணம் அதுதான். எல்லாத் தெருப் பிள்ளைகளும் படிக்கிற இடத்துக்கு எல்லாத் தெருப் பெரியவர்களும் வருவார்கள்.

பணமுள்ள ஸ்பான்சரும் ஆள் தெரிந்த ஸ்பான்சரும் ஒருவரேயாக இருப்பது அபூர்வம். பணக்காரர் ஒருவரின் பெயரில் பெரிய பிளக்ஸ் வைத்து, நகரத்து மண்டபத்தில் நடந்த முகாமுக்குக் கூட்டம் அலைமோதியது. வந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளெழுத்துக் கண்ணாடிக்காக வந்த நடுவயதினர். கண்ணாடியும் தேவைதான், நாற்பது வயதுக்கு மேல் ஊசியில் நூல் கோக்க முடியாத பெண்ணுக்கு அது பிழைப்பு. ஆனால் புரை முற்றி இரண்டு கண்ணும் போனவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவர்களால் தனியே வர முடியாது, கூட்டிவரவும் ஆளில்லை.

அமைப்பாளருக்குக் கிடைத்த மிகச் சிறந்த கூட்டாளி ஒரு பால் சொசைட்டியின் செயலாளர். தேனிப் பக்கத்துச் சிற்றூர். காலையும் மாலையும் ஊரில் பாதி வீடுகள் பால் ஊற்ற அங்கே வரும். "அவுக போன வருசம் வரைக்கும் அவுகளே கொண்டாந்து ஊத்துவாக. இப்பப் பேரன் கொண்டாரான்" என்று செயலாளர் நோட்டைப் புரட்டிச் சொன்னார். இப்படி நின்றுபோனவர்கள் யார் யார் என்று இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். அளவைக் குவளையின் கோடு தெரியாதவர், மாட்டுக் காலில் மிதிபட்டவர், வாய்க்கால் வரப்பில் விழுந்தவர். மருத்துவமனையின் எந்தக் கணக்கெடுப்பிலும் வராத பெயர்கள் அவை. முகாம் அறிவிப்பதற்கு முன்பே, யாரையெல்லாம் கூட்டிவர வேண்டும் என்ற பட்டியல் தயாராகிவிட்டது. அதற்குப் பிறகு புதிய ஊருக்குப் போனால் அவர் ரேசன் கடைக்காரர், தபால்காரர், சத்துணவு ஆயா ஆகியோரைத் தேடிப் போகத் தொடங்கினார்.

இலவசம் என்றால் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்பது பரவலான எண்ணம். அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் இதே மண்ணில் நடந்திருக்கின்றன. கிரிஜா பிரில்லியன்ட்டும் அவருடன் பணியாற்றிய குழுவும் தென்னிந்தியாவில் 90 கிராமங்களில் செய்த கள ஆய்வு 1991-இல் வெளிவந்தது. ஆபரேசனை மட்டும் இலவசமாகக் கொடுப்பதற்கும் போக்குவரத்து, உணவு உள்பட முழுச் செலவையும் ஏற்றுக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசத்தை அது அளந்தது. முழுச் செலவையும் ஏற்ற ஊர்களில் கூடுதல் பேர் முன்வந்தார்கள். 1999-இல் ஆஸ்ட்ரிட் ஃபிளெட்சரும் அரவிந்த் மருத்துவர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையான செய்தியைச் சொன்னது: முகாம் நடந்த தமிழ்நாட்டுச் சிற்றூர்களில், கண் குறை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்குத்தான் முகாமுக்கே வந்திருந்தார்கள். முகாமில் மணிக்கணக்காக நின்ற வரிசையைப் பார்த்தவர்கள் யாரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அது வந்தவர்களின் வரிசைதான்.

அமைப்பாளருக்கு அந்த எண் அதிர்ச்சியாக இல்லை. வீடு வீடாகப் போனவர் அவர். ஒரு வீட்டில் அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மகன் திருப்பூரில். "நான் மூணு நா அங்க வந்து கெடந்தா இந்த ஆட்டுக்குட்டிகளுக்கு யாருப்பா கொழை ஒடிச்சுப் போடுவா?" என்றாள் அவள். டாக்டரிடம் இதற்குப் பதிலில்லை. கூட இருந்த சொசைட்டி ஊழியர் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, மூன்று நாளும் ஆடுகளை அவள் பொறுப்பில் விட்டார். அப்பத்தா வந்தாள். இன்னொரு வீட்டில் மருமகள் சம்மதிக்க வேண்டியிருந்தது, இன்னொன்றில் சம்பளம் போய்விடுமே என்ற கவலை. நூறு நாள் வேலை வந்த பிறகு, வேலை நடக்கும் வாரத்தில் வயதான பெண்களை வெளியூருக்குக் கூப்பிடுவது சிரமமாயிற்று. பஞ்சாயத்தில் கேட்டு அந்த வாரத்தைத் தவிர்த்தார்கள். இந்தத் தடைகளில் எதையும் மருத்துவமனையால் தனியாக நீக்க முடியாது. கூட்டாளி என்றொருவர் தேவைப்படுவதே இதற்காகத்தான், பந்தலுக்குக் காசு தருவதற்காக இல்லை.

"பழுக்கட்டும்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் தனி ரகம். அந்த நினைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. பழைய முறையில் புரை நன்றாக முற்றும்வரை காத்திருக்கும்படி டாக்டர்களே சொன்னார்கள். லென்ஸ் பொருத்தும் முறை வந்தபின் அந்தக் காத்திருப்பு தேவையில்லை. முற்றவிட்டால் புரை ஊதிக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நிரந்தரமாகப் போகவும்கூடும். டாக்டர் பேச்சை டாக்டரே மாற்றிச் சொன்னால் ஊர் லேசில் நம்புவதில்லை. போன முகாமில் ஆபரேசன் செய்துகொண்டவரைத் திண்ணையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டால் போதும். அவர் பச்சைத்துணிக் கட்டிலிருந்து சொட்டு மருந்துவரை எல்லாவற்றையும் தன் வாயால் சொல்வார். வலித்ததா, ஊசி எங்கே போட்டார்கள், சோறு எப்படி இருந்தது, கக்கூஸ் எங்கே இருந்தது என்று கேட்பார்கள். கடைசிக் கேள்வியைப் பெண்கள் டாக்டரிடம் ஒருபோதும் கேட்கமாட்டார்கள்.

முகாம் நாளுக்கான இடத்தேர்வுக்கு அமைப்பாளர் டேப்போடு போவார். பார்வைப் பலகைக்கும் நோயாளிக்கும் இடையே 6 மீட்டர் வேண்டும், எனவே நீண்ட வராந்தா தேவை. கண்ணுக்குள் பார்க்க இருட்டறை தேவை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடிக்க முடியுமா என்று பார்ப்பார். படி எத்தனை, கைப்பிடி உண்டா, தண்ணீர், கழிப்பறை, நிழல். பதிவு மேசையிலிருந்து கடைசி மேசைவரை நோயாளி ஒரே திசையில் போக வேண்டும். கண் தெரியாதவரைத் திருப்பித் திருப்பி நடக்கவிட்டால் பாதியில் வீட்டுக்குப் போய்விடுவார். ஒவ்வொரு மேசைக்கும் தொண்டர்களைப் பிரித்து, முந்தின நாள் மாலையே நிற்க வைத்து ஒத்திகை பார்ப்பார். கல்லூரி மாணவர்கள் வந்தால் அவர்கள் கைபேசியை வாங்கி வைக்காமல், முதியவர்களின் கையைப் பிடிக்க ஆளுக்கொரு பொறுப்புக் கொடுத்துவிடுவார். கை நிறைய வேலை இருந்தால் கைபேசி தானாகப் பைக்குள் போகும்.

தொடக்க விழா பற்றி அவருக்கு உறுதியான கருத்து உண்டு. சிறப்பு விருந்தினர் வரும்வரை சோதனையைத் தொடங்கக் கூடாது என்று ஒரு ஊரில் நிறுத்திவைத்தார்கள். சர்க்கரை நோயாளிகள் காலைச் சாப்பாடு இல்லாமல் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் மயங்கிச் சரிந்தார். அதற்குப் பிறகு ஒப்பந்தத் தாளில் அவரே ஒரு வரி சேர்த்தார்: சோதனை காலை 8 மணிக்குத் தொடங்கும், மேடை நிகழ்ச்சி 11 மணிக்கு, அது நடக்கும்போதும் மேசைகள் இயங்கும். மனம் கோணிய ஸ்பான்சர்கள் உண்டு. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. விருந்தினரை மேடைக்குப் பதிலாகப் பதிவு மேசையில் உட்காரவைத்து, முதல் சில சீட்டுகளை அவர் கையாலேயே எழுத வைப்பதும் உண்டு. பலர் அதை விரும்பினார்கள்.

வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது பேருக்குத்தான் ஆபரேசன் தேவைப்படும். அவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, கண்ணீர்ப் பையில் சீழ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சர்க்கரை எகிறியிருந்தால் அன்று அழைத்துப்போக முடியாது. இந்த இடத்தில் பல முகாம்கள் கைவிட்டுவிடும். "கட்டுப்படுத்திட்டு வாங்க" என்ற ஒரு வாக்கியத்தோடு அனுப்பிவிடுவார்கள். மாற்றுத்துணி மூட்டையோடு வந்தவர் அவமானத்தோடு திரும்புவார், பிறகு எந்த முகாமுக்கும் வரமாட்டார். இதைத் தடுக்க, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரையும் முகாமுக்கே அழைப்பதை அவர் வழக்கமாக்கினார். திருப்பி அனுப்பப்படுபவர் செவிலியரிடம் சீட்டோடு போவார், அடுத்த முகாமுக்கு அவர் பெயர் முதலில் இருக்கும்.

மாலையில் பஸ் கிளம்பும் நேரம்தான் உண்மையான சோதனை. பட்டியலில் இருக்கும் எல்லாரும் ஏறுவதில்லை. சிலர் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, மகன் வந்து ஒரு வார்த்தை சொன்னதும் இறங்கிவிடுவார்கள். யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பது விதி. அமைப்பாளர் ஊர்த் தொண்டர் ஒருவரைக் கட்டாயம் பஸ்ஸில் அனுப்புவார், அன்றிரவு அங்கே தங்கவும் வைப்பார். மறுநாள் காலை ஊருக்குத் திரும்பும் அந்தத் தொண்டர், "எல்லாம் நல்லாருக்காக, இட்லி சாப்பிட்டாக" என்று வீடு வீடாகச் சொல்லிவிடுவார். அந்தச் செய்தி போகாத ஊரில் வதந்தி போகும்.

ஏறாதவர்களின் பெயர்களைத் தனியே எழுதிக் கூட்டாளியிடம் கொடுப்பது அவர் தொழிலின் உயிர்நாடி. மருத்துவமனை அறிக்கையில் வருவது எத்தனை பேரைப் பரிசோதித்தோம், எத்தனை ஆபரேசன் என்ற இரண்டு எண்கள். அவர் மூன்றாவதாக ஒரு எண்ணைத் தன் டைரியில் வைத்திருந்தார்: சொன்னோம், வரவில்லை. ஒரு மாதம் கழித்து, ஆபரேசன் ஆனவர்களைப் பார்க்கக் குழு திரும்ப வரும். சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டார்களா, கண்ணாடி எண் என்ன என்று பார்க்கும் நாள் அது. பல ஸ்பான்சர்கள் இந்த நாளுக்கு வருவதில்லை, போட்டோ எடுக்க ஒன்றும் இருக்காது. பால் சொசைட்டிச் செயலாளர் வந்தார். வரவில்லை பட்டியலில் இருந்த சிலரையும் கூடவே கூட்டிவந்தார், கண் திறந்தவர்களை அவர்கள் பார்க்கட்டும் என்று.

முகாம் எவ்வளவு நன்றாக நடந்தாலும் அது ஆண்டுக்கு ஒன்றிரண்டு நாள்தான். கண்ணில் தூசி விழுவதும் சிவப்பதும் தேதி பார்த்து நடப்பதில்லை. அரவிந்த் 2004-இல் தேனி மாவட்டத்தில் பார்வை மையங்களைத் தொடங்கியதன் பின்னணி இதுதான். சிறிய ஊரில் ஒரு வாடகைக் கட்டடம், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் பணியாளர், கணினித் திரையில் மருத்துவர். இணைய வசதி அரிதாயிருந்த காலத்தில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு அமைத்துத் தந்த தொலைதூர வைஃபை கோபுரங்கள் அந்தப் படத்தைக் கொண்டுபோயின. மற்ற மருத்துவமனைகளும் இந்த வழியில் வந்தன. அமைப்பாளரின் மருத்துவமனையும் மையங்கள் திறந்தபோது, இடம் எங்கே என்பதை முகாம் டைரியின் மூன்றாவது எண்ணே காட்டியது. வராதவர்கள் அதிகமாக இருந்த பகுதிகளில் மையங்கள் வந்தன. ஓர் ஊரில் பஞ்சாயத்துக்காரர்கள் கட்டடத்தைக் குறைந்த வாடகைக்குப் பேசித் தந்தார்கள்.

2020-இல் பெருந்தொற்று வந்தபோது முகாம்கள் அடியோடு நின்றன. மையங்கள் இருந்த பகுதிகளில் கண்ணைக் காட்ட ஓரிடமாவது மிச்சமிருந்தது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கி, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் பெண் பணியாளர்களை நியமித்தது. ஓய்வுக்குப் பிறகும் ஆலோசனை சொல்லப் போய்க்கொண்டிருந்த அவர், தன் பழைய மருத்துவமனையின் புதிய அமைப்பாளரிடம் முதலில் அந்தப் பெண்களைப் பார்க்கச் சொன்னார். எந்த வீட்டில் மாத்திரை அட்டையை விரலால் தடவிப் பார்த்து எடுக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். சர்க்கரையால் விழித்திரை கெடுவது வலியில்லாமல் வரும். அதற்கான பரிசோதனைக்கு வரவேண்டியவர்களின் பெயர்களும் அதே நோட்டில்தான் இருக்கின்றன. புதிய அமைப்பாளர் இளம்பெண், ஸ்கூட்டியில் போகிறார். முதல் கூட்டத்தை அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைக்கவில்லை. அந்தப் பணியாளர்கள் மாத்திரை கொடுத்து முடித்துச் சாப்பிட உட்காரும் ஒரு வேப்பமர நிழலில், மதியம் இரண்டு மணிக்கு வைத்தார்.